எழுந்து போக முடியாதவரிடம் போகிறீர்கள்

திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றின் வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மே மாதம் 14 பேர் நான்கு நாள் மிஷன் பயணமாக மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வருகிறார்கள். இரண்டு நாள் மாலையில் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கத் திட்டம். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. என்ன பேசுவது, எப்படி ஜெபிப்பது, வேறு மதத்தவர்களிடம் என்ன செய்வது, கிதார் கொண்டு வரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்திலேயே பிறந்தவள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சபையின் சந்திப்புக் குழுவோடு வாரம் ஒரு நாள் வார்டுக்குப் போகிறேன். ஜெபிக்க வந்தவர்களை ஊசி மருந்துத் தட்டோடு நின்று பார்த்தும் இருக்கிறேன், நானே ஜெபிக்கப் போய்க் கட்டிலருகே நின்றும் இருக்கிறேன். இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

தெருவில் நீங்கள் பேசுவது பிடிக்காவிட்டால் ஒருவர் நடையைக் கட்டிவிடலாம். வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கட்டிலில் கிடப்பவரால் இரண்டும் முடியாது. ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும், கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை தொங்கும், விலகிய துணியைச் சரிசெய்யக்கூட இன்னொருவர் வர வேண்டும். அந்த நிலையில் முன்பின் தெரியாத ஆறு பேர் வந்து சூழ்ந்து நின்றால் அவரால் செய்யக்கூடியது கண்ணை மூடிக்கொள்வது மட்டும்தான். அப்படிக் கண்ணை மூடியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். எழுந்து போக முடியாதவரிடம் போகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

முதல் வேலை, மருத்துவமனையின் அனுமதி. மிஷன் மருத்துவமனை என்றால் சாப்ளின், அதாவது மருத்துவமனைக்கென்று இருக்கும் போதகர், இருப்பார். ஒரு மாதம் முன்பே எழுதுங்கள்: எத்தனை பேர், எந்த நாள், எவ்வளவு நேரம், உடன் வரும் மூத்தவர் யார். அரசு மருத்துவமனை என்றால் மருத்துவ அதிகாரியிடம் கேட்க வேண்டும். அங்கே எல்லா மதத்தாரும் வரிப்பணத்தில் சிகிச்சை பெறுகிறார்கள். பார்வையாளர் நேரத்தில் உறவினர்போல நுழைந்து கட்டில் கட்டிலாக ஜெபித்துக்கொண்டு போகக் கூடாது. அனுமதி இல்லை என்றால் இல்லைதான். வாசலில் நின்று வாக்குவாதம் செய்துவிட்டுப் போகிறவர்களால், அடுத்து வரும் உள்ளூர் சபையாருக்கும் கதவு அடைபட்டுவிடுகிறது.

இந்த மண்ணில் மருத்துவத்தோடு சேர்ந்த ஜெப ஊழியத்துக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. 1806-இல் லண்டன் மிஷன் சங்கத்தின் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார். 1838-இல் அதே சங்கம் அனுப்பிய டாக்டர் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அந்தக் காலத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் காத்திருக்கும் கூட்டத்துக்குச் சிறு ஜெபம் நடக்கும், பிறகு மருந்து கிடைக்கும். வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டினார்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறும் குழுவோடு வந்த ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்து நெய்யூரை எட்டிப்பார்த்தார். உங்களைப்போலச் சில நாள் பார்வையாளராகத்தான் வந்தார். ஒரே ஓர் அறுவை மருத்துவர் பெருங்கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதைக் கண்டதும் லண்டன் வாழ்க்கையை விட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார், மறுபடி நெய்யூருக்கே திரும்பினார். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் (சி.எம்.சி.) பணி செய்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் காரக்கோணத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மருத்துவக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. அவருக்கு இங்கே என்ன தேவை என்பது கண்ணில் பட்டது, அதற்கு அவர் கையில் வேலை இருந்தது. உங்களுக்கு இரண்டு மாலைதான் இருக்கிறது. கையில் அறுவைக் கத்தியும் இல்லை. ஆனால் கண்ணைத் திறந்து பார்ப்பது உங்களாலும் முடியும்.

14 பேரும் ஒன்றாக வார்டுக்குள் நுழையாதீர்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். பெண்கள் வார்டுக்குப் பெண்கள் மட்டும். பிரசவ வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயப் பிரிவு இவற்றுக்கு நீங்கள் போக வேண்டாம். அங்கே சாப்ளின் போவார். காலை நேரம் டாக்டர் ரவுண்ட்ஸ், கட்டு மாற்றுதல், ரத்தம் எடுத்தல் என்று ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பலர் கண் அயர்வார்கள். ஆகவே நீங்கள் மாலையைத் தேர்ந்தெடுத்தது சரிதான். வார்டுக்குள் போனதும் நர்ஸிங் ஸ்டேஷனில் நின்று, "சிஸ்டர், யாரைப் பார்க்கலாம், யாரைத் தொந்தரவு செய்யக் கூடாது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டவர்களை நான் டியூட்டியில் இருந்தபோது மறந்ததே இல்லை. "ஏழாம் நம்பர் கட்டிலில் பாட்டாவைப் பார்க்க யாருமே வரவில்லை, அவரிடம் கொஞ்சம் இருங்கள்" என்று நாங்களே சொல்லி அனுப்புவோம்.

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் அன்று தங்குமிடத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு கட்டிலுக்கு முன்பும் பின்பும் கையைச் சுத்தம் செய்யுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். ஊசி குத்திய கையைப் பிடிக்காதீர்கள். டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு ஒரு கையில் ரத்தக்குழாயை இணைத்து அறுவை செய்திருப்பார்கள், அந்தக் கையை அழுத்தவே கூடாது. எந்தக் கை என்று தெரியாவிட்டால் எந்தக் கையையும் தொடாமல் இருப்பது நல்லது. கேட்டார் என்று தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், அறுவைக்காக வெறும் வயிற்றில் வைத்திருப்பார்கள். பழமும் பூவும் கொண்டுவர வேண்டாம். புற்றுநோய் மருந்து ஏறும் சிலருக்கு எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்திருக்கும், அவர்களுக்கு இவை ஆகாது.

இனிக் கட்டிலருகே. தலைக்கு மேல் நின்று பேசாதீர்கள். ஸ்டூல் இருந்தால் இழுத்துப் போட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் சற்றுக் குனிந்து அவர் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவாருங்கள். பெயரைச் சொல்லுங்கள், எந்த ஊர் என்று சொல்லுங்கள். "கொஞ்ச நேரம் பேசலாமா, இல்லை ஓய்வெடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியில் இரண்டாவது பாதிதான் முக்கியம். "பேசலாமா?" என்று மட்டும் கேட்டால் நம் ஊர் ஆள் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வேறு வழி ஒன்றை நீங்களே எடுத்துக் கொடுத்தால்தான் அவரால் அதைச் சொல்ல முடியும். ஓய்வெடுக்கிறேன் என்றால் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். பல வருடங்களாக யாரும் அவரிடம் விருப்பம் கேட்டிருக்க மாட்டார்கள். அதிலும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு எப்போது எழ வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்பது முதல் எல்லாமே மற்றவர்கள் சொல்வதுதான். வேண்டாம் என்று ஒருவரிடம் அவர் சொல்ல முடிந்தது அந்த நாளில் அதுவாக மட்டுமே இருக்கலாம்.

பேசச் சம்மதித்தால் நோயைப் பற்றித் துருவ வேண்டாம். "ராத்திரி தூங்கினீர்களா?" "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று ஆரம்பியுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர் என்றால் மழைக்காலத்தில் என்ன செய்வார் என்று கேளுங்கள். முந்திரி ஆலைக்குப் போகிற அக்கா என்றால் கை விரல்களைப் பார்த்தாலே தெரியும், கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கும். கடற்கரை ஊர்க்காரர் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர் கழுத்தில் ஜெபமாலை இருக்கும். "கர்த்தர்", "சங்கீதம்" என்ற உங்கள் சொற்களை விட "ஆண்டவர்", "திருப்பாடல்" அவருக்குப் பழக்கமானவை. மாதாவைப் பற்றி அவர் பேசினால் திருத்தப் போகாதீர்கள். ஐந்து நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம் போதும், அவரே நிறுத்தாமல் பேசினால் ஒழிய.

எல்லைக்கு இந்தப் பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்கள், அந்தப் பக்கமும் அப்படித்தான். சில சொற்களைத் தெரிந்துகொள்ளாமல் வந்தால் தப்பர்த்தம் ஆகும். ஒருவர் "பனியுண்டு" என்றால் காய்ச்சல் இருக்கிறது என்று பொருள். குளிர்கிறதா என்று கேட்டு ஃபேனை நிறுத்தப் போகாதீர்கள். "வேதனை" என்றால் உடம்பு வலி. ஓர் அம்மா "பேடியாகுன்னு" என்றால் பயமாக இருக்கிறது என்கிறார், தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் கெட்ட பொருள் அங்கே கிடையாது. உண்மையில் நீங்கள் கேட்கக்கூடிய சொற்களிலேயே அதிகக் கவனம் கொடுக்க வேண்டியது அந்தச் சொல்தான். மலையாளத்தில் பெரியவர்களை "நிங்ஙள்" என்று நேரடியாகச் சொல்வது சற்று முரட்டுத்தனமாகப் படும். சேட்டா, சேச்சி, அம்மா என்று உறவு சொல்லிப் பேசுங்கள், கிறிஸ்தவ வீட்டு முதியவர் என்றால் அப்பச்சன், அம்மச்சி. "ப்ரார்த்திக்கட்டே?" என்றால் ஜெபிக்கட்டுமா என்று கேட்பது. ஜெபத்தைத் தமிழிலேயே செய்யலாம், மெதுவாகப் பேசினால் அவர்களுக்குப் புரியும். அவர்கள் பரமண்டல ஜெபத்தை மலையாளத்தில் சொல்லத் தொடங்கினால் நீங்கள் தமிழில் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஆமெனுக்கு வந்து சேராது, பரவாயில்லை.

ஜெபிக்கும் முன் இன்னொரு கேள்வி உண்டு: "எதற்காக ஜெபிக்கட்டும்?" எரிகோவில் பார்வையற்றவர் கூப்பிட்டபோது, அவருக்கு என்ன தேவை என்பது ஊருக்கே தெரியும். அப்படியும் இயேசு, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். நாமும் கேட்க வேண்டும், ஏனென்றால் நாம் நினைப்பதும் அவர் நினைப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. கால் எடுக்கப்பட்ட ஓர் அண்ணனிடம் காலுக்காக ஜெபிக்கத் தயாராக நின்றேன். அவர் கேட்டது, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்கும் மகளுக்காக. "எனக்கு என்னவோ ஆகட்டு சிஸ்டர், அவ பாஸாகணும்" என்றார். மகளுக்காகத்தான் ஜெபித்தோம். அன்று ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார் என்று டியூட்டி நர்ஸ் மறுநாள் சொன்னாள்.

ஜெபம் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரல் போதும். அவருடைய பெயரைச் சொல்லுங்கள், அவர் கேட்டதைச் சொல்லுங்கள், அவருக்காக இரவு பகல் உழைக்கும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் துணைக்கு இருப்பவரையும் சொல்லுங்கள். நோயை அதட்டுவது, பிசாசைத் துரத்துவது, கையைத் தலையில் வைத்து அழுத்துவது எதுவும் வேண்டாம். எண்ணெய் பூசுவதை உள்ளூர் ஆயரிடம் விட்டுவிடுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை ஒளித்து வைக்காதீர்கள். "ஆண்டவரே, இவர் பாவங்களை விட்டுத் திரும்பும்படி" என்று ஜெபிப்பது அவரிடம் நேரில் சொல்லத் துணியாததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதுதான். அவருக்கு அது நன்றாகவே புரியும்.

இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் பெரிய வியாதி என்றால் நோயாளியிடம் சொல்லாமல் வீட்டார் மறைப்பது இன்னும் நடக்கிறது. "வயித்துல புண்ணு" என்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். மகன் வராந்தாவில் உங்களை நிறுத்தி, "புற்றுதான், அப்பாவுக்குத் தெரியாது, நல்லா ஜெபியுங்க" என்பான். உள்ளே போய் நீங்கள் அந்தச் சொல்லை ஜெபத்தில் சொல்லிவிட்டால், அந்த மனிதர் தன் நோயின் பெயரை ஒரு அந்நியன் வாயிலிருந்து, அதுவும் கண்ணை மூடியிருக்கும்போது, தெரிந்துகொள்கிறார். இது என் கண் முன் நடந்திருக்கிறது. அவர் கண்ணைத் திறந்து மகனைத்தான் பார்த்தார். ஆகவே நோயின் பெயரை எந்த ஜெபத்திலும் சொல்லாதீர்கள். "உடம்பின் இந்தப் பாடு" என்று சொன்னால் கடவுளுக்குப் புரியும். அதே சமயம் நோயாளியே உங்களைப் பார்த்து, "எனக்கு என்ன வியாதின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "அதை டாக்டரிடம் கேட்க ஆசைப்படுகிறீர்களா? சிஸ்டரிடம் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். அவர் சரி என்றால் போய்ச் சொல்லுங்கள்.

"நான் பிழைப்பேனா?" என்று கேட்பவர்களும் உண்டு. உங்களில் பலருக்கு உடனே "கண்டிப்பா, கர்த்தர் சுகம் தருவார்" என்று வாய் வரும். சொல்லாதீர்கள். ஜெபித்து, யாரும் எதிர்பாராமல் எழுந்து நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஜெபித்து, அந்த வாரமே போய்விட்டவர்களை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் வாக்குறுதி பொய்யானால் நீங்கள் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வீட்டார்தான், நம் விசுவாசம் போதவில்லையோ என்று வருடக்கணக்கில் அழுவார்கள். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எனக்குத் தெரியாது அம்மா. பயமா இருக்கா?" பிறகு அவர்கள் பேசுவார்கள். அழுதால் அழட்டும், கண்ணீரைத் துடைக்க அவசரப்பட வேண்டாம். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஏழு ராத்திரியும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். "என்ன பாவம் செய்தேனோ" என்று ஒருவர் சொன்னால், பிறவிப் பார்வையற்றவனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

வாழ்க்கையை முடித்துக்கொள்ள முயன்று பிழைத்தவர்களும் வார்டில் இருப்பார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், பாவம் என்ற சொல்லை எடுக்காதீர்கள். "உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி, நீங்கள் பிழைத்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் சொல்லுங்கள். இனியும் வாழப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நீங்கள் காக்க வேண்டிய ரகசியங்களில் அது சேராது.

மருந்து விஷயத்தில் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஜெபிக்க வந்த ஒருவர், மூன்று நாள் உபவாசம் இருந்தால் சுகம் என்று இன்சுலின் போடும் ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் எங்களிடம் சொல்லாமல் சாப்பாட்டை ஒளித்து வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரை 42 இருந்தது. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தோம். சொல்லிவிட்டுப் போனவருக்கு இது இன்றுவரை தெரியாது. வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்பும், காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். "விசுவாசித்தால் மாத்திரை எதற்கு?" என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லக்கூடியவர் இருந்தால் அவரை அன்று சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மதத்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் ஒரே வார்டில் நாடார் கிறிஸ்தவரும், நாயர் அம்மாவும், தேங்காப்பட்டணத்து முஸ்லிம் பெரியவரும் அடுத்தடுத்துக் கிடப்பார்கள். தலையணைக்குக் கீழே குருசும் இருக்கும், கோயில் திருநீறும் இருக்கும். எல்லோரையும் நலம் விசாரியுங்கள். ஜெபிக்கட்டுமா என்பதை உறவினர் கேட்டுக்கொண்டாலோ, அவரே கேட்டாலோ, அல்லது பேச்சு அங்கே போனாலோ மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் மாறக் கூடாது, பேச்சு அங்கே நின்றும்விடக் கூடாது. ஜெபம் வேண்டாம் என்றதும் நீங்கள் எழுந்து போய்விட்டால், அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினாயா என்று அவர் நினைப்பார். ஒரு முஸ்லிம் பெரியவர் என்னிடம் சொன்னார்: "நீங்க உங்க முறையில கேளுங்க, நான் எங்க முறையில கேக்குதேன்." இருவரும் அவரவர் வழியில் சத்தமில்லாமல் ஜெபித்தோம். துண்டுப்பிரதிகளை வார்டுக்குள் கொண்டு போகவே வேண்டாம். படுத்திருப்பவரால் அதை வாங்காமல் இருக்கவும் முடியாது, கிழித்துப் போடவும் முடியாது. உங்கள் விசுவாசத்தை மறைக்கச் சொல்லவில்லை. யாராவது ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் இயேசுவுக்காக வந்தோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆனால் வலியில் இருப்பவருடைய சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு தேறி, வீட்டுக்குப் போய், தன் காலில் நிற்கும்போது அவருக்கு விருப்பம் இருந்தால் உள்ளூர் ஆயரின் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியும்.

கேரளத்தில் துணைக்கு இருப்பவரைப் பைஸ்டாண்டர் என்பார்கள். நோயாளியைச் சந்திக்க வருகிறவர்கள் இவர்களைச் சுவர்போலக் கடந்து போவார்கள். கொல்லங்கோடு பக்கத்து அம்மா ஒருவர், பைக் விபத்தில் அடிபட்ட மகனோடு 19 நாளாக வார்டில் இருந்தார். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துத் தூக்கம். எங்கள் குழுவில் போன ஒரு பெண் ஜெபிக்கட்டுமா என்று கேட்டதும், "ஜெபம் இருக்கட்டு மக்களே. இந்த பிளாஸ்க்குல கொஞ்சம் சுடுவெள்ளம் வாங்கிட்டு வருவியா? அப்புறம் நான் குளிச்சிட்டு வாறது வரைக்கும் இவன்கிட்ட இருப்பியா?" என்றார். அந்தப் பெண் இருந்தாள். அம்மா குளித்து, துணி அலசி, கேன்டீனில் கஞ்சி குடித்து, முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். அதன் பிறகு அவரே, "இப்போ ஜெபிப்போம்" என்றார். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் இதையே தொண்டர்களுக்குக் கற்றுக் கொடுத்தது. மலையாளத்தில் அதைச் சாந்த்வன பரிசரணம் என்பார்கள். 2008-இல் அரசே அதற்குக் கொள்கை வகுத்தது. பல மதத்தினரும், மதம் இல்லாதவர்களும், பயிற்சி பெற்ற பிறகு வீடு வீடாகப் போகிறார்கள். அப்படி ஒரு பயிற்சியில் நானும் உட்கார்ந்தேன். இத்தனை வருட நர்ஸ் அனுபவத்துக்குப் பிறகும் எனக்கு அங்கே கடினமாக இருந்த பாடம், அடுத்தவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருப்பது. நீங்கள் புறப்படும் முன் உங்கள் சபையில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து இதை ஒரு மாலை பழகிப் பாருங்கள்.

பணம் கேட்பார்கள். பில் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பம் இல்லாத வார்டே கிடையாது. கட்டிலருகே பணம் கொடுக்காதீர்கள். பத்துக் கட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கும், ஜெபத்துக்கும் ரூபாய்க்கும் முடிச்சு விழுந்துவிடும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ சாப்ளினிடமோ சொல்லுங்கள், கொடுக்க விரும்பினால் அவர்கள் வழியாகக் கொடுங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, கேரளத்தின் காருண்யா அட்டை என்று எல்லைப் பக்கத்தில் குழப்பம் உண்டு. எது எங்கே செல்லும் என்று நீங்களாகச் சொல்லாமல், காப்பீட்டுக் கவுன்டர் எங்கே என்று காட்டி, வயதானவர் என்றால் கூடவே வரிசையில் நில்லுங்கள்.

போட்டோ எடுக்கவே கூடாது. அனுமதி கேட்டும் எடுக்கக் கூடாது, காரணம் முதலிலேயே சொன்னதுதான்: அவரால் எழுந்து போக முடியாது. வாட்ஸாப் குழுவில் ஜெபக் குறிப்பாக நோயாளியின் பெயர், ஊர், வார்டு எண், வியாதி எதையும் போடாதீர்கள். மார்த்தாண்டத்து ஆள் ஒருவருக்குத் திருநெல்வேலியில் சொந்தம் இருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்? கல்யாணம் பேசி வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? ஊர் திரும்பிச் சபையில் சாட்சி சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும்.

ஒவ்வொரு மாலையும் முடிந்ததும் குழுவாக அரை மணி நேரம் உட்காருங்கள். உங்களில் சிலருக்கு மரணத்தை இவ்வளவு அருகில் பார்ப்பது முதல் தடவையாக இருக்கும். அன்று சாப்பாடு இறங்காது. யார் அமைதியாகிவிட்டார்கள் என்று கவனியுங்கள். மறுநாள் வரவேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். முதல் நாள் பார்த்தவர்களிடம், முடிந்தால், இரண்டாம் நாளும் அதே ஆட்களே போங்கள். புதிதாக இருபது பேரைப் பார்ப்பதைவிட, "நேத்து வந்த பிள்ளைகள்" என்று ஒருவர் அடையாளம் கண்டுகொள்வது நல்லது. நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்காதீர்கள். வர முடியாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசல் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்களுக்கு நான் போர்வை போர்த்தியிருக்கிறேன்.

கிதார் கொண்டு வாருங்கள், ஆனால் வார்டுக்குள் வேண்டாம். பல மிஷன் மருத்துவமனைகளில் காலையில் வேலை தொடங்கும் முன் ஊழியர்கள் சிற்றாலயத்தில் சிறு ஆராதனை வைப்பார்கள். ராத்திரி டியூட்டி முடித்து வீட்டுக்குக் கிளம்புகிற நர்ஸ்களும், துப்புரவு செய்கிற அக்காமாரும், லேபில் இருக்கிற பையன்களும் வந்து உட்காருவார்கள். சாப்ளினிடம் கேட்டு அங்கே இரண்டு கீர்த்தனை பாடுங்கள். எங்களுக்காக யாராவது வந்து பாடிய காலைகள் என் 31 வருடத்தில் மிகக் குறைவு.